பத்து நொடிப் பரணி

வாழ்க நம் தலைவன்! ஓடும் நிழலைப் பிடித்து நிறுத்திய நெடுந்தகை, ஒளியை அளந்து ஊற்றும் ஒண்கையன், அழுத கண்ணையும் சிரிக்கவைத்த அருந்திறலோன், ஆயிரம் மணமேடைகளைச் சுற்றிவந்தும் ஒரு விருந்திலாவது சூடாகச் சாப்பிட்டறியாத பெருந்துறவி, கருநிறக் கருவியைக் கழுத்தணியாகப் பூண்ட காவலன், ஊரார் 'சிரிங்கண்ணன்' என்று அழைக்கும் கல்யாணப் புகைப்படக்காரன் வாழ்க! போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வீழ்த்தியவனுக்குத்தான் பரணி பாட வேண்டும் என்று புலவர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயிரம் கல்யாணங்களில் மாமன்களையும் சித்தப்பாக்களையும் மூன்று வரிசையாக நிறுத்தி, அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் கண் திறந்திருக்கச் செய்தவனுக்கு யானையெல்லாம் ஒரு பொருட்டா என்பதை, அந்தப் புலவர்களே ஒரு நாள் கேமரா பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். முழுவதும் சார்ஜ் ஏறிய பேட்டரி இந்தக் கதைக்குக் காப்பாகட்டும். கூடவே மாற்று பேட்டரி ஒன்றும் இருந்தால் நல்லது.

அவன் வென்ற களங்களை விரித்துரைக்க ஏடு போதாது. பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஆறு மாதக் குழந்தையின் இரண்டு காதும் தெரிய, வாய் மூடியிருக்க, நேராகப் பார்க்க வைத்தவன் அவன். முப்பது வருடப் பணியில் பல்லைக் காட்டியறியாத தலைமை ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெறும் நாளில் வந்தமர்ந்தபோது, அவருடைய இடது உதட்டோரத்தைக் கால் அங்குலம் உயர்த்தியவனும் அவனே. பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு மேடையேறிய மணமகன்கள் எத்தனை பேரை, ஐம்பது அடி தொலைவிலிருந்தே கண்டு, கூட்டத்தைப் பிளந்து ஓடி, ஒரு கையாலேயே அவிழ்த்து மாட்டிக் காப்பாற்றியிருக்கிறான் என்பதற்குக் கணக்கே கிடையாது. அவன் உலகுக்கு விதித்த கட்டளைகள் மூன்று. கேமராவைப் பாருங்க. கண்ணை மூடாதீங்க. கொஞ்சம் சிரிங்க. இந்த மூன்றாவது கட்டளைதான் நாளடைவில் அவனுக்குப் பெயராகவும் ஆகிவிட்டது.

இத்தகைய வீரன், ஒரு நாள் பகல் மூன்று மணிக்குத் தன் வீட்டு முன்னறையிலேயே மாட்டிக்கொண்டான்.

அந்த முன்னறைதான் அவனுடைய ஸ்டுடியோ. பின்கதவைத் திறந்தால் சமையலறை, பக்கத்துப் படியேறினால் படுக்கையறை. அன்று நான்கு மணிக்கு அவனுடைய மூத்த மகள் தொலைதூர ஊர் ஒன்றுக்குக் கல்லூரியில் சேரக் கிளம்ப வேண்டும். இரண்டு பெட்டிகளும் ஒரு வாளியும் வாசலில் நின்றன. விடுதி அறைச் சுவரில் மாட்ட ஒரு குடும்பப் படம் வேண்டும் என்று அவள் ஒரு வாரமாக அப்பாவின் ஹார்டு டிஸ்க்குகளைத் தோண்டிக்கொண்டிருந்தாள். இருபத்து நான்கு வருட உழைப்பு, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அவற்றில் அவளுடைய அப்பா இருந்தது மூன்றே மூன்றில். ஒன்றில் புல்தரை மேல் நீண்டு விழுந்த அவன் நிழல். இன்னொன்றில் ஓரமாக ஒரு முழங்கை. மூன்றாவதில், மணமகள் ஒருத்திக்குப் பின்னால் இருந்த நிலைக்கண்ணாடியில் அவன் முழு உருவமும் தெரிந்தது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கேமரா இருந்தது.

“அப்பா, எனக்கு உங்க மூஞ்சி வேணும். எடுத்துட்டுப் போக ஒரு போட்டோகூட இல்லப்பா” என்றாள் மகள்.

அவன் வாய் திறக்குமுன் மனைவி முந்திக்கொண்டாள். அவளுக்கும் ஒரு பழைய வழக்கு பாக்கி இருந்தது. அவர்கள் கல்யாணத்தன்று, வாடகைக்கு வந்திருந்த புகைப்படக்காரனின் கைவேலை பிடிக்காமல், மாப்பிள்ளைக் கோலத்திலேயே எழுந்துபோய் அவன் கேமராவை வாங்கிக்கொண்டவன் நம் தலைவன்.

“என் கல்யாண ஆல்பத்தப் பாக்கறவங்க, நான் தனியாவே கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னுதான் நினைப்பாங்க” என்றாள்.

எட்டு வயது இளைய மகள் தன் பங்குக்குப் பள்ளியில் தான் வரைந்த 'என் குடும்பம்' ஓவியத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அதில் அம்மா இருந்தாள், அக்கா இருந்தாள். அப்பாவுக்கு மூன்று கால்களும், தலைக்குப் பதிலாக ஒரு கறுப்புப் பெட்டியும் இருந்தன.

எழுந்தான் வீரன். குடை விளக்குகள் நடுங்க, பின்திரை படபடக்க, முன்னறை முழுதும் எதிரொலிக்க, அவன் உரைத்த வஞ்சினம் இது. “நாலு மணிக்குள்ள நம்ம நாலு பேரும் இருக்கிற மாதிரி ஒரு படம் எடுக்கிறேன். எடுக்கலன்னா இனிமே கேமராவையே தொடமாட்டேன்.” அடுத்த ஞாயிறு ஒரு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தது சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது.

களத்தில் இன்னொருவனும் இருந்தான். சோபாவில் கால்மேல் கால் போட்டு அமர்ந்து, மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்த அந்தப் பெரும்பகைவன், மனைவியின் அண்ணன். மருமகளை ரயிலடிக்கு அழைத்துப்போகத் தன் வேனை ஓட்டி வந்திருந்தான். கொடைக்கும் நகைச்சுவைக்கும் குறைவில்லாத நல்லவன்தான். ஆனால் கைபேசியால் அவன் எடுத்த படங்களில் இதுவரை எந்த மனிதனுக்கும் தலை இருந்ததில்லை. கழுத்து வரை பிசகின்றி எடுப்பான், அதற்கு மேல் வெட்டிவிடுவான். எனவே இந்தக் காவியத்தில் அவன் பெயர் தலைகொய்தான்.

“மாப்ளே, இது ஒரு நிமிஷ வேலை. கேமராவ எங்கிட்ட குடுத்துட்டு நீங்க போய் உக்காருங்க” என்றான் தலைகொய்தான்.

“இந்தக் கேமராவ என்னத் தவிர யாரும் தொட்டதில்ல மச்சான். தொடவும் விடமாட்டேன்.”

“அப்ப எப்படி எடுப்பீங்க?”

“டைமர் இருக்கு. பத்து செகண்ட்.”

தொலைவிலிருந்தே அழுத்தும் ரிமோட் ஒன்று அவனிடம் இருந்ததுதான். போன வருடம் ஒரு கல்யாணத்தில் வீறிட்டு அழுத குழந்தைக்கு விளையாடக் கொடுத்தான். குழந்தை அழுகையை நிறுத்தியது. ரிமோட் திரும்பி வரவில்லை.

பின்னர் போர்க்கோலம் பூண்டான். படியேறி ஓடி, அலமாரியில் கைக்கு அகப்பட்ட நீலச் சட்டையை உருவி, இறங்கும்போதே கைகளை நுழைத்து, ஒரு கையால் குடை விளக்கைத் திருப்பிக்கொண்டே மறுகையால் பொத்தான்களை மாட்டி முடித்தான். முக்காலியின் மூன்று கால்களையும் ஊன்றி அதன் உச்சியில் கேமராவை ஏற்றினான். எதிரே வெண்ணிறப் பின்திரை. அதன் முன்னே நடுவில் மனைவி, அவளுக்கு வலப்பக்கம் சின்னவள், இடப்பக்கம் அவனுக்கென்று ஒரு காலி ஸ்டூல், அதற்கும் அப்பால் பெரியவள். கேமராவுக்கும் ஸ்டூலுக்கும் இடையே ஒன்பது அடி. அந்த ஒன்பது அடி நிலத்தில் விளக்கு ஒயர்கள் பாம்பெனச் சுருண்டு கிடந்தன, பின்திரையின் சுருண்ட ஓரம் நாக்கு நீட்டியது. கடக்க வேண்டிய காலம் பத்து நொடி. போதுமே என்று எல்லோரும் நினைத்தார்கள்.

முதற்போர் தொடங்கியது. பொத்தானை அழுத்தினான் தலைவன். செந்நிற விளக்கு ஒன்று கேமராவின் நெற்றியில் சிமிட்டத் தொடங்கியது. ஆனால் இருபத்து நான்கு வருடமாக, அழுத்திய பின்னும் கண்ணை எடுத்தறியாதவன் அல்லவா அவன்? வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தபடியே, சின்னவளின் தோள் சற்றே சாய்ந்திருப்பதை ஆராய்ந்துகொண்டு நின்றான். ஏழு நொடி கழிந்தது. “என்னங்க, வாங்க!” என்று மனைவி அழைத்த பிறகுதான் தான் ஓட வேண்டியவன் என்பது அவனுக்கு உறைத்தது. பாய்ந்தான். பாதி வழியில் ஷட்டர் விழுந்தது. படத்தில் நீல நிறத்தில் ஒரு முதுகு இருந்தது.

இரண்டாம் போரில் உடனே ஓடினான், மாவீரர் எவரும் ஓடாத வேகத்தில் ஓடினான், ஓடியவன் காலில் ஒயர் சுற்றியது. குடை விளக்கு ஆடி அசைந்து சாய, தலைகொய்தான் சோபாவிலிருந்து துள்ளி எழுந்து, தன் பெருவயிற்றால் அதைத் தாங்கி நிறுத்தினான். அவ்வேளையில்தான் ஷட்டர் விழுந்தது. அந்தப் படம் தெளிவாகவும் நல்ல ஒளியோடும் வந்திருந்தது. அதில் இருந்தது மச்சானின் வயிறு மட்டும்தான்.

“எனக்கும் தல இல்ல பாத்தீங்களா மாப்ளே?” என்றான் மச்சான் மகிழ்ச்சியோடு.

மூன்றாம் போரில் நான்கு நொடி மிச்சம் இருக்கும்போதே ஸ்டூலை அடைந்து அமர்ந்துவிட்டான் தலைவன். வெற்றி முரசம் முழங்க வேண்டிய நேரம். அந்தோ, அப்போது பெரியவளின் நெற்றியில் ஒற்றை முடி ஒன்று காற்றில் எழுந்து ஆடியதை அவனுடைய கடைக்கண் கண்டது! அடுத்தவர் நெற்றி முடியைக் கண்டால் அவன் கை அவன் பேச்சைக் கேட்காது. படத்தில் பெரியவளின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அகன்ற உள்ளங்கை ஒன்று இருந்தது. ரேகைகூடத் தெரிந்தது.

நான்காம் போரில், உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் “சிரிங்க!” என்று கேமராவை நோக்கி அவனே கூவிவிட்டான். மூவரும் அழகாகச் சிரித்திருந்தார்கள். நடுவே ஒருவன் கொட்டாவி விடுபவனைப்போல் வாய் பிளந்திருந்தான்.

“மூணரை ஆச்சு. நாலு மணிக்குக் கிளம்பினாத்தான் ரயிலப் பிடிக்கலாம்” என்றான் மச்சான். இப்போது அவன் குரலில் கிண்டல் இல்லை.

ஐந்தாம் முறை எல்லாம் கூடிவந்தது. ஒயர்கள் ஒதுங்கின, பின்திரை படிந்தது, ஒற்றை முடி உறங்கியது, கைகள் மடியில் கிடந்தன, வாய் மூடியிருந்தது. ஷட்டர் விழுந்தது. எழுந்து சென்று திரையைப் பார்த்த தலைவன், படத்தைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். சின்னவள் வந்து எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, யாரப் பாத்துக் கண்ணடிக்கிறீங்க?”

அவனுடைய இடக்கண் இறுக மூடியிருந்தது.

ஆறாம் முறையும் மூடியிருந்தது. ஏழாம் முறையும் அப்படியே. இங்கேதான் தேவர்கள் வானத்தில் கூடியிருந்தால் பெருமூச்செறிந்திருப்பார்கள். வலக்கண்ணால் வ்யூஃபைண்டரை நோக்கி, இடக்கண்ணை இறுக்கி மூடி, மூன்று லட்சம் முறை அழுத்திய ஒருவனுக்கு, லென்ஸ் எதிரே வந்தாலே அந்த இமை தானாக விழுந்துவிடுகிறது. கடைக்காரன் ஷட்டரை இழுத்து மூடுவதுபோல் அது பாட்டுக்கு இறங்குகிறது. ஊருக்கெல்லாம் கண்ணை மூடாதீங்க என்று ஆணையிட்டவனுக்குத் தன் கண்மீது ஆணை செல்லவில்லை. பகைவர் வெளியே இருந்தால் வெல்லலாம். மூக்குக்குப் பக்கத்திலேயே இருந்தால் என்ன செய்வது?

எட்டாம் முறை விரல்களால் இமையைத் தூக்கிப் பிடித்தான். கண் மருத்துவமனையில் எடுத்த படம்போல வந்தது. ஒன்பதாம் முறை, சூழ்ச்சியைச் சூழ்ச்சியால் வெல்லக் கருதி, வலக்கண்ணை மூட முயன்றான். இரண்டும் மூடிக்கொண்டன. சின்னவள் தரையில் உருண்டு சிரித்தாள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவளும் முதலில் சிரித்தாள், பிறகு வாசலில் நின்ற பெட்டிகளைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

மணி மூன்றே முக்கால். வஞ்சினம் உரைத்த வாய் உலர்ந்திருந்தது. ஆயிரம் கல்யாணம் கண்டவன் தன் ஸ்டூலில் தோள் தளர்ந்து உட்கார்ந்தான். மகள் கேட்டது ஒரு முகம். அதைக்கூட ஒழுங்காகக் கொடுக்கத் தெரியவில்லையே என்று அவனுக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. கேமராவை மச்சானிடமே கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் எண்ணினான். கொடுத்தாலும் கண் மூடத்தான் போகிறது, அத்தோடு தலையும் போய்விடும் என்பதால் அந்த எண்ணத்தைக் கைவிட்டான்.

“இன்னும் ஒரே ஒரு தடவப்பா” என்றாள் பெரியவள். “இந்தத் தடவ கேமராவப் பாக்காதீங்க.”

“கேமராவப் பாக்காம வேற எதப் பாக்கறது?”

“என்னப் பாருங்க.”

திடுக்கிட்டான் தலைவன். தான் விதித்த முதற்கட்டளையைத் தானே மீறுவதா? கேமராவைப் பார்க்காத மாமன்களை அவன் எத்தனை முறை கடிந்திருக்கிறான், தட்டைப் பார்த்த தாத்தாக்களை எத்தனை முறை திருப்பியிருக்கிறான்! ஆயினும் கேட்டவள் மகள், நேரமும் இல்லை. பத்தாம் முறையாக அழுத்தினான். வ்யூஃபைண்டரில் கண் வைக்கவில்லை. ஒயர்களைத் தாண்டினான், பின்திரையின் ஓரத்தைத் தாண்டினான், ஐந்தாம் நொடியில் அமர்ந்தான், பெரியவளின் பக்கம் திரும்பினான்.

பார்த்தான். பிறந்த அன்று முதல் அவளை அவன் பார்க்காத நாளில்லை, ஆனால் பார்த்ததில் பாதிக்கு மேல் லென்ஸ் வழியாகத்தான். ஒளி எந்தக் கன்னத்தில் விழுகிறது, மூக்கின் நிழல் உதட்டைத் தொடுகிறதா, மோவாயை இன்னும் ஒரு விரல் தாழ்த்தலாமா என்றே பார்த்துப் பழகியவன், முதல் தடவையாக எதையும் திருத்தத் தோன்றாமல் பார்த்தான். அவள் கண்களில் அவளுடைய அம்மாவின் குறும்பு இருந்தது. மோவாய் அவனுடையது. இன்னும் கால் மணி நேரத்தில் இவள் போய்விடுவாள், நாளைக் காலை இந்த அறைக்கு வந்து 'அப்பா, சார்ஜர் எங்க?' என்று கேட்க மாட்டாள் என்பது அப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது. நெற்றியில் ஒற்றை முடி மறுபடி எழுந்து ஆடியது. அதை அவன் ஆடவிட்டான். ஷட்டர் விழுந்தது.

ஐவரும் திரையைச் சூழ்ந்தார்கள். மனைவி சிரித்திருந்தாள். சின்னவள் முன்பல் இல்லாத வாயைக் காட்டியிருந்தாள். பெரியவள் நேராகப் பார்த்திருந்தாள். அவளையே பார்த்தபடி அவளுடைய அப்பா இருந்தார், இரண்டு கண்களையும் திறந்து வைத்துக்கொண்டு. கொஞ்சம் கலங்கிய கண்கள்தான், ஆனால் திறந்திருந்தன.

“இதுதாம்ப்பா வேணும்” என்றாள் மகள்.

வென்றான் சிரிங்கண்ணன்! அச்சுக்கருவி உறுமி எழுந்தது. பளபளக்கும் தாள் வெளியே வந்தது. கண்ணின் ஈரத்தை மட்டும் கொஞ்சம் துடைத்துவிட்டு வேறு ஒரு பிரதி போடுகிறேன் என்று தலைவன் கணினியை நோக்கிக் கை நீட்டினான். “ஒண்ணும் தொடாதீங்க” என்று தாளைப் பிடுங்கி, கையால் விசிறி, தடித்த புத்தகம் ஒன்றின் நடுவில் வைத்து மூடினாள் பெரியவள். பெட்டிகள் ஏறின, வாளி ஏறியது, மூவர் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். “ஃபோன் பண்ணு” என்றதும் மனைவிதான், “சாப்பிட்டுட்டுப் பண்ணு” என்றதும் மனைவிதான். தலைகொய்தான் கிளம்புமுன் வாசலில் எல்லோரையும் நிறுத்தித் தன் கைபேசியில் ஒரு படம் எடுத்தான், அதில் நான்கு ஜோடிச் செருப்புகளும் நன்றாக விழுந்திருந்தன.

வேன் தெருமுனையில் திரும்பி மறைந்தது. பத்து முறை பாய்ந்து ஒன்பது முறை வீழ்ந்து பத்தாம் முறை வெற்றிவாகை சூடிய பெருவீரன், தன் ஸ்டுடியோவுக்குத் திரும்பி, கணினி முன்னே அரியணையில் அமர்வதுபோல் அமர்ந்து, அந்த வெற்றிப் படத்தைத் திரை நிறையப் பெரிதாக்கி, ஒளி சரி, கூர்மை சரி, மனைவியின் சிரிப்பு சரி, சின்னவளின் தோள் சரி, மகளின் நெற்றியில் எழுந்து நின்ற அந்த ஒற்றை முடியும் சரியென்று மேலிருந்து கீழாக, அங்குலம் அங்குலமாக, இடக்கண்ணை மூடிக்கொண்டு தன் கைவண்ணத்தைத் தானே வியந்துகொண்டு வந்தான்.

சட்டையின் மூன்றாவது பொத்தானை நான்காவது ஓட்டையில் மாட்டியிருந்தான்.